பூனை நக்கின சுவர்

இயேசு மரி சூசை
முல்லைத்தீவு
10.11.1959

மேசன் மரியநேசனுக்கு,

நீர் புரட்டாதியில் பூசிவிட்டுப் போன முன்சுவர் நேற்றுப் பின்னேரம் உதிர்ந்து விழுந்தது. விறாந்தைச் சுவரும் விழுகிற வழியில்தான் நிற்கிறது.

மழை தொடங்கி ஒரு கிழமை. முதலில் சுவர் வேர்த்தது. மாரிக் குளிருக்குள் சுவர் வேர்ப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பிறகு அம்மை போட்டதுபோல அங்கங்கே பொருமிக்கொண்டு வந்தது. நேற்று என் தம்பி யோசெப் வந்து, கதிரையை முன்சுவரோடு இழுத்துப் போட்டுச் சாய்ந்தான். அவன் எழும்ப, ஒரு பாய் அகலத்துக்குப் பூச்சும் அவனோடு எழும்பிவிட்டது. "அக்கா, சாய்ஞ்சதுதான். சத்தியமா இடிக்கேல்லை" என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உம்முடைய கூலியில் நான் ஒன்றும் பிடித்து வைக்கவில்லை. முழுதும் வாங்கிக்கொண்டுதான் அக்கராயனுக்கு பஸ் ஏறினீர். ஆகையால் எனக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

இந்த வீடு எப்படி என் கைக்கு வந்தது என்று உமக்குத் தெரியும். இதே முற்றத்தில், தோணியும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியாரின் மீனைத் தலையில் சுமந்தவள் நான். புருஷன் காய்ச்சலில் போன பிறகு ஒரு கடகம் கருவாட்டோடு வியாபாரம் தொடங்கினேன். இன்றைக்குச் சம்மாட்டியாரின் பிள்ளைகள் விற்ற வீட்டை நான் வாங்கியிருக்கிறேன். ஊர் இன்னும் இதைச் சம்மாட்டியார் வீடு என்றுதான் சொல்கிறது. பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினால் பெயரும் மாறும் என்று நினைத்தேன். இப்போது "யூலிற்றா வாங்கினாள், வீடு அழுகிறது" என்கிறார்கள்.

மனத்தில் வைத்திருந்து புழுங்குகிறவள் இல்லை நான். இன்று காலை சந்தையில், கருவாடு வாங்க வந்த நாலு ஊர்ச் சனத்துக்கு முன்னால், "மரியநேசன் பூசினது சுவரில்லை, பிட்டு" என்று சொன்னேன். அக்கராயன் வண்டிக்காரரும் நின்றார்கள். உமக்குப் பின்னால் சொன்னதை முன்னாலும் சொல்லவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வந்து பாரும்.

யூலிற்றா


அக்கராயன்
17.11.1959

கருவாட்டு முதலாளி யூலிற்றா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னமே உங்கள் கதை வந்துவிட்டது. வண்டில் மாட்டுக்கு உங்கள் தபால்காரனைவிடக் கால் கெதி.

இங்கே நான் பூசிக்கொண்டிருந்தது தில்லைநாதன் என்பவருடைய வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்து, இப்போதுதான் மண்வீட்டை விட்டுக் கல்வீட்டுக்கு வரப்போகிற மனுஷன். சனிக்கிழமை நான் சாரத்துப் பலகையில் ஏறி நிற்க, கீழே வந்து நின்றார்.

"மேசன், ஒருக்கா இறங்கும்."

"என்ன ஐயா?"

"உம்மட சுவர் முல்லைத்தீவில பிட்டா அவியுதாமே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்குப் பிட்டு வேண்டாம், சுவர்தான் வேணும். இந்தக் கதை தீருமட்டும் சாந்தகப்பையைக் கழுவி வையும்" என்றார்.

கழுவி வைத்துவிட்டேன். இந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீடுகளையும் தருகிறோம் என்று சொல்லியிருந்த வாய்க்கால்கரைக் குடும்பங்கள் இப்போது என்னைக் கண்டால் மாட்டைப் பார்க்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள்.

இரண்டு தங்கச்சிமாரைக் கரையேற்றின கை இது. என்னிடம் காணி இல்லை, தோணி இல்லை. மேசன் மரியநேசன் பூசினால் நிற்கும் என்கிற பெயர் ஒன்றுதான் இருந்தது. அதை நீங்கள் ஒரு காலையில் கருவாட்டோடு சேர்த்து நிறுத்து விற்றுவிட்டீர்கள்.

சுவர் வேர்த்தது என்றால் உள்ளே உப்பு நிற்கிறது. உப்பு நிற்கிறது என்றால் கடல்மணல். ஆற்றுக்குப் போகச் சோம்பல்பட்டு வண்டிக்காரன் கடற்கரையில் அள்ளியிருப்பான். கிட்டத்தில் அள்ளினால் செலவு குறைவு என்று நீங்களும் பேசாமல் இருந்திருப்பீர்கள். வியாபாரி மூளை அப்படித்தான் ஓடும். மணலைக் குவியலாகக் கண்டேனே தவிர, அது எங்கேயிருந்து வந்தது என்று நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

நான் வரமாட்டேன். வந்தால் குற்றம் என்னுடையது என்று ஆகிவிடும்.

மரியநேசன்


இயேசு மரி சூசை
முல்லைத்தீவு
25.11.1959

மேசனுக்கு,

வியாபாரி மூளையைப் பற்றிக் கதைத்தீர். அந்த மூளை என்ன செய்தது என்று கேளும்.

மணல் கொண்டுவந்த வண்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, "எங்க அள்ளினனீ?" என்று கேட்டேன். "அக்கா, முள்ளியவளைக்கு அங்கால ஆத்திலதான். கடற்கரையில அள்ளியிருந்தா என்ர மாடு ரெண்டும் சாகட்டும்" என்றான். மாட்டின் மேல் அவன் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டான். பெண்சாதியின் மேல் என்றால் யோசித்திருப்பேன். அதோடும் நான் விடவில்லை. மிச்ச மணலைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கித் தெளியவைத்துக் குடித்தேன். சப்பென்று இருந்தது. உதிர்ந்த பூச்சிலும் ஒரு கட்டியை அப்படியே போட்டுக் கலக்கிக் குடித்தேன். உப்புக் கைத்தது.

ஆகவே உப்பு மணலில் வரவில்லை. தண்ணீரில் வந்திருக்கவேண்டும். கிணறு தூரம், கடல் கிட்ட. கடல்தண்ணீரை அள்ளிக் குழைத்தீரா? ஓம் என்றால் ஓம் என்று எழுதும்.

எனக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது. உள்ளறைச் சுவரும் குசினிச் சுவரும் கல்லுப்போல நிற்கின்றன. ஒரு கீறல் இல்லை. நான் கேட்காமலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உள்ளறையில் மாதாவுக்கு வளைவோடு ஒரு கூடு கட்டிப் பூசிவிட்டுப் போனீரே, அது முட்டைக் கோதுபோல வழுவழுவென்று நிற்கிறது. கேட்காத வேலையை அவ்வளவு கவனமாகச் செய்த கை, கேட்ட வேலையை ஏன் கெடுத்தது?

நத்தார்ப் பெருநாள் முடிய வீடு மந்திரிக்க வருவதாகப் பங்குச் சுவாமி சொல்லியிருந்தார். இப்போது நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

யூலிற்றா


அக்கராயன்
2.12.1959

யூலிற்றா அவர்களுக்கு,

கடல்தண்ணீர் அள்ளவில்லை. தண்ணீர் சுமந்தது உங்களிடம் வேலைக்கு நிற்கிற இரஞ்சிதம். அவளையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

தில்லைநாதன் யாழ்ப்பாணத்தில் வேறொரு மேசனுக்குச் சொல்லி அனுப்பப்போகிறார். இந்தக் கிழமை பார்த்துவிட்டு நான் புளியங்குளம் பக்கம் வேலை தேடிப் போவேன். அங்கே உங்கள் சந்தைக் கதை போயிருக்காது என்று நம்புகிறேன்.

உப்பு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை நான். இனி எழுதவேண்டாம்.

அந்தக் கூட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன்.

மரியநேசன்


இயேசு மரி சூசை
முல்லைத்தீவு
9.12.1959

மரியநேசனுக்கு,

எழுதவேண்டாம் என்றீர். எழுதாமல் இருக்க முடியாது. குற்றம் பிடிபட்டுவிட்டது.

திங்கட்கிழமை விடியவிடிய மழை. காலையில் இரஞ்சிதம் முன்வாசலில் நின்று கூப்பிட்டாள். "அக்கா, ஓடிவாங்கோ! பூனை சுவரை நக்குது!"

போய்ப் பார்த்தேன். அயல்வீட்டுக் கடுவன் பூனை பின்னங்காலில் நின்றுகொண்டு, முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி, கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தது. கலைத்தேன். விறாந்தைச் சுவருக்குப் போய் அங்கே தொடங்கியது. உள்ளறைக்குள் தூக்கி விட்டேன். அந்தச் சுவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வெறும் உப்பை நக்க ஆடு வரும், மாடு வரும். கடுவன் பூனை எதற்கு வருகிறது? நானும் நாக்கை வைத்தேன். இரஞ்சிதம் சிலுவை போட்டாள். பதினைந்து வருடம் உப்போடு கிடக்கிற நாக்கு இது. தண்ணீரில் கரைத்துக் குடித்தபோது கைப்பில் அமுங்கிக் கிடந்தது சுவரில் துலக்கமாகப் பட்டது. அது கடல் உப்பில்லை. சூடை மீன் ஊறின உப்பு.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. உள்ளறைக்கும் குசினிக்கும் சுண்ணாம்பை நிலத்தில் கிடங்கு வெட்டித்தான் நீற்றினீர். அந்தக் கிடங்குக்குள் அயல்வீட்டு ஆடு விழுந்து கால் வெந்தது. வேலிக்கு மேலால் சண்டை வந்தது. கிடங்கை மூடும் என்று சொன்னது நான். மிச்சச் சுண்ணாம்பை ஊறப்போட, மீனுக்கு உப்புப் போடுகிற என்னுடைய பெரிய மரப் பீப்பாவைத் தந்ததும் நான். புதுப் பீப்பா எதற்கு, இருக்கிறதைக் கழுவித் தருகிறேன் என்றேன். சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்து வெயிலில் காயவைத்தோம். மேலால்தான் கழுவுப்பட்டது. இவ்வளவு காலமும் மரம் குடித்ததைச் சுண்ணாம்பு உறிஞ்சி எடுத்துவிட்டது. முன்சுவரும் விறாந்தைச் சுவரும் அந்தச் சுண்ணாம்பில் பூசினவை.

ஆகவே கை உம்முடையது, குற்றம் என்னுடையது. இதைக் கடிதத்தில் மட்டும் சொன்னால் பாதிதான். நேற்றுச் சந்தையில் அதே இடத்தில் நின்று, அதே தொண்டையில் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். "யூலிற்றா சுவரையும் கருவாடு போட்டிட்டாள்" என்கிறார்கள். சொல்லட்டும்.

அக்கராயன் வண்டிக்காரர் நேற்று வரவில்லை. கெட்ட கதை தானாகப் போகும்; நல்ல கதையை நாங்கள்தான் சுமந்துகொண்டு போகவேண்டும். வெள்ளிக்கிழமை நானே அக்கராயனுக்கு வருகிறேன். இந்தக் கடிதம் முந்துமோ, நான் முந்துவேனோ தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குக் கருவாடு மணக்காது, அதற்குள்ளேயே கிடக்கிறவள். உம்முடைய மூக்கு எங்கே போயிற்று?

யூலிற்றா


அக்கராயன்
16.12.1959

யூலிற்றாவுக்கு,

நீங்கள்தான் முந்திவிட்டீர்கள். நீங்கள் வந்த அன்று நான் புளியங்குளத்தில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என் சாமானைக் கட்ட வந்தபோது தில்லைநாதன் ஐயா படலையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் கண்டது அன்றுதான். நீங்கள் செய்த வேலையை அவர் சொன்னபடி எழுதுகிறேன். பொய் என்றால் திருத்துங்கள்.

நீங்கள் சீலைத்துண்டு ஒன்றை அவிழ்த்து அவர் மூக்குக்குக் கிட்ட நீட்டினீர்களாம்.

"ஐயா, மணந்து பாருங்கோ."

"என்ன பிள்ளை இது?"

"சுவர்."

"சுவரோ? சூடைக் கருவாடெல்லோ மணக்குது!"

"அதுதான் ஐயா. மேசன்ர கையில பிழையில்லை. பிழை என்ர பீப்பாவில."

வெள்ளிக்கிழமை விரதம் பிடித்துக்கொண்டு, முழுகித் திருநீறு பூசி நின்ற சைவக்காரன் அவர். கிணற்றடிக்கு ஓடித் திரும்பவும் முழுகினாராம். முழுகிவிட்டு வந்து பார்த்தால் நீங்கள் போகவில்லையாம். "மேசனுக்கு வேலை இருக்கெண்டு சொல்லுங்கோ ஐயா, அதுக்குப் பிறகு பஸ் ஏறுறன்" என்று முற்றத்தில் நின்றீர்களாம். "எனக்குத் தெரிஞ்ச வியாபாரிகள் பிழையை மூடத்தான் பஸ் ஏறுவினம். இந்தப் பிள்ளை பிழையைச் சொல்ல வந்திருக்கு" என்று ஐயா எனக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை சாரத்தில் ஏறிவிட்டேன். வாய்க்கால்கரைக் குடும்பங்கள் இரண்டு தங்கள் வீட்டையும் வந்து பார்க்கச் சொல்லிவிட்டன. பிழையில்லாமல் ஏச்சு வாங்கினவன் என்று என்மேல் இப்போது ஒரு இரக்கம் வேறு. வேலைக்கு அதுவும் நல்லதுதான்.

இனிச் சுவர். அந்தப் பூச்சை வைத்திருந்து பயனில்லை. கல் தெரியுமட்டும் கொத்தி விழுத்துங்கள். மாரி முடியமுன் செய்யவேண்டும். முன்சுவரை மழையே கழுவும்; விறாந்தைச் சுவருக்கு நல்லதண்ணீர் அள்ளி அடியுங்கள். தையில் வெயில் வந்ததும் நன்றாகக் காயட்டும். பிறகு நான் வந்து பூசித் தருகிறேன். கூலி வேண்டாம்.

மூக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மணம் வந்தது. முதல் நாளே வந்தது. சாந்தை அள்ளும்போதும் வந்தது, நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்து தரும்போதும் வந்தது. எது சாந்து, எது நீங்கள் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அது எனக்குப் பிடிக்காத மணமாக இருந்திருந்தால் அன்றைக்கே பிழையைக் கண்டுபிடித்திருப்பேன்.

வேறு ஒன்றும் கேட்க இருந்தது. எழுதக் கை வரவில்லை. வரும்போது பார்ப்போம்.

மரியநேசன்


இயேசு மரி சூசை
முல்லைத்தீவு
22.12.1959

மரியநேசனுக்கு,

பூச்சைக் கொத்துகிற வேலை நடக்கிறது. யோசெப் கொத்துகிறான், இரஞ்சிதம் தண்ணீர் அடிக்கிறாள், பூனை வேலிக்கு மேலே இருந்து கவலைப்படுகிறது.

தில்லைநாதன் சொன்னது பொய்யில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். முழுகிவிட்டு வந்து எனக்கு மோரும் தந்தார், செம்பைத் தொடவிடாமல் கையில் ஊற்றி. நல்ல மனுஷன்தான், தன் அளவில்.

வரும்போது பார்ப்போம் என்று எழுதினீர். விலை சொல்லாமல் சரக்கைக் காட்டுகிறவனோடு நான் வியாபாரம் செய்வதில்லை. கூலி வேண்டாம் என்கிற மேசன் ஒன்றில் பைத்தியம், இல்லையென்றால் கலியாணத்துக்கு நிற்கிறவன். உம்மில் பைத்தியத்தை நான் காணவில்லை. ஆகையால் நீர் கேட்க நினைத்ததை நானே கேட்டு, நானே பதிலும் எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்தாறு. புருஷன் போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை, இனி வருமோ தெரியாது. கோபம் வந்தால் வாய் முந்தும்; அதை நீர் கண்டுவிட்டீர். நாளைக்கு உடம்பு முடியாமல் கிடந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தர மனுஷர் வேண்டும் என்பதற்காக நான் யாரையும் கட்டமாட்டேன். அதற்கு இரஞ்சிதம் இருக்கிறாள். நீர் சாரத்தில் நின்று ஒரு சுவரைப் பூசிவிட்டு, இறங்கி, தூரப்போய் நின்று தலையைச் சரித்துப் பார்ப்பீரே, அதை நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சோறு கருகியும் இருக்கிறது. இதைவிடத் திறந்து எழுத எனக்குத் தெரியாது.

என் பக்கத்து நிபந்தனைகள். வியாபாரத்தை விடமாட்டேன். சந்தைக்குப் பெண்சாதி போகிறாள் என்று யாரும் உம்மைக் கேட்டால் ஓம் என்று சொல்லவேண்டும், அதற்குமேல் விளக்கம் கொடுக்கக்கூடாது. வீட்டு உறுதி என் பெயரில்தான் கிடக்கும். சீதனம் என்று நான் ஒன்றும் தரமாட்டேன், நீரும் கேட்கக்கூடாது.

உம்முடையதைச் சொல்லும். மனம் இல்லையென்றால் கூலியைச் சொல்லும். இரண்டில் ஒன்று.

யூலிற்றா


அக்கராயன்
29.12.1959

அன்புள்ள யூலிற்றாவுக்கு,

கூலி சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தைச் சாரத்தில் வைத்து வாசித்தேன். தில்லைநாதன் ஐயா கீழே நின்று, "என்ன மேசன், திரும்பவும் ஆரும் ஏசிப்போட்டினமோ?" என்று கேட்டார். "ஓம் ஐயா, நல்லா ஏசிப்போட்டினம்" என்றேன். முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார். பொங்கலுக்குத் தன் வீடு குடிபுகுமட்டும் நான் அசையக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

உங்கள் நிபந்தனைகள் மூன்றும் சம்மதம். உறுதி என் பெயரில் இருந்தால் எனக்குத்தான் பயம். நான் பூசின வீடுகள் எல்லாம் ஊரார் பெயரில்தான் இருக்கின்றன. ஆனாலும் அவை எனக்குத் தெரிந்த வீடுகள்.

என்னுடையவையும் மூன்று. ஒன்று, வேலை எங்கே இருக்கிறதோ அங்கே நான் போவேன், மாதக்கணக்கில் நிற்கவும் நேரும். ஏன் போகிறாய் என்று மறிக்கக்கூடாது. இரண்டு, என் வேலையில் குறை கண்டால் முதலில் எனக்குச் சொல்லவேண்டும், பிறகுதான் சந்தைக்கு. மூன்று, முதலில் பூச்சு, பிறகு கலியாணம். கல் தெரிகிற சுவருக்கு முன்னால் மாலையோடு நிற்கமாட்டேன். மேசன் தன் வீட்டையே பூசவில்லை என்று காலம் முழுக்கச் சொல்வார்கள்.

நான் நாற்பதைத் தொட்டுவிட்டேன். ஒரு பல் இல்லை. குரல் நல்லது என்று சொல்வார்கள், பூசைக்குப் பாடுவேன்.

மரியநேசன்


இயேசு மரி சூசை
முல்லைத்தீவு
5.1.1960

அன்புள்ள நேசனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி 'நீர்' என்று எழுதினால் யோசெப் ஏசுவானாம். ஆகையால் 'நீங்கள்'.

நேற்றுச் சுவாமியிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சுவர் விழுந்ததெண்டு ஏசின அதே மேசனோ?" என்று கேட்டார். "ஓம் சுவாமி" என்றேன். "அப்ப ஒருத்தருக்கொருத்தர் குறை தெரியாமல் கட்டேல்லை எண்டு நான் எழுதி வைக்கலாம்" என்றார். தவக்காலம் தொடங்கினால் கலியாணம் செய்ய முடியாது என்றபடியால் கையோடு நாளும் பார்த்துவிட்டோம்.

உங்கள் நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் வெட்டுகிறேன். மாதக்கணக்கில் போவது கோடையில். கோடையில் எனக்கும் மீன் காயவைக்கிற வேலை தலைக்கு மேலே. நீங்கள் வீட்டில் நின்றாலும் நான் பார்க்கமாட்டேன். மாரியில் பூச்சு வேலையும் இல்லை, கருவாடும் காயாது. மாரி முழுக்க வீட்டில் நிற்கவேண்டும். இது விட்டுக்கொடுக்க முடியாதது.

மற்ற இரண்டும் அப்படியே சரி. குறை கண்டால் முதலில் வீட்டில் சொல்லுவேன். நீங்கள் அதற்கு மறுமொழி சொல்ல ஒரு நாள் தருவேன். அதற்குப் பிறகு சந்தை.

ஆகப் பேசி முடித்தது இது. பொங்கல் கழிய நீங்கள் வருகிறீர்கள். கலியாணம் வரைக்கும் யோசெப் வீட்டில் தங்குகிறீர்கள். சாப்பாடு என் குசினியிலிருந்து இரஞ்சிதம் கொண்டுவருவாள், நான் வரமாட்டேன். தை இருபத்துநாலு, முப்பத்தொன்று, மாசி ஏழு, இந்த மூன்று ஞாயிறும் கோயிலில் எங்கள் கலியாண அறிவித்தல், ஓலை வாசிப்பு. முன்சுவரும் விறாந்தையும் அதற்குள் பூசி முடியவேண்டும். மாசி பதினைந்து, திங்கட்கிழமை காலைப் பூசையில் கலியாணம். சீதனம் இல்லை, கூலி இல்லை. உறுதி என் பெயரில். கோடை உங்களுடையது, மாரி வீட்டுக்கு. கலியாணச் செலவு பாதிக்குப் பாதி.

யூலிற்றா